இடியன் துவக்கும் அளந்திட்ட மருந்தும்

கமத்தொழிலில் அளவு தவறினாற் பயன் தவறும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். விதைநெல் கூடினாற் பயிர் நெருங்கி மெலியும். குறைந்தாற் களை மலியும். பசளை கூடினாற் பயிர் சாயும். குறைந்தாற் கதிர் சிறுக்கும். அளவறிந்து செய்யும் இவ்வறிவு வயலுக்கு மட்டும் உரியதன்று. குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்துச் சுடப்படும் பழைய துவக்கை ஐக்கிய அமெரிக்காவில் இன்றும் மான் வேட்டைக்குக் கையாளுகின்றனர். அவ்வேட்டைக்காரர் தத்தம் துவக்கிற்கு ஏற்ற மருந்தளவைக் கண்டறியும் முறை, அளவறிந்து செய்தலுக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

எமது நாட்டில் "இடியன் துவக்கு" என வழங்கப்படுவதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. எனினும் அமெரிக்கத் துவக்கின் அமைப்பு வேறு. அதனைக் கையாளும் நோக்கமும் சட்டமும் வேறு. இவ்வேறுபாடுகள் இக்கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படும்.

பழைய துவக்கு நிலைத்த வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யேர்மனியிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் சென்று பென்சில்வேனியாவிலே குடியேறிய கொல்லர்கள், லங்காஸ்ரர் முதலிய இடங்களில் நீண்ட குழலையுடைய துவக்குகளைச் செய்தனர். குழலின் உட்சுவரிலே சுருளாக வெட்டப்பட்ட வரிகள் இருந்தன. இவற்றைப் புரிகள் என்பர். புரிகளின் வழியே செல்லும் குண்டு சுழன்றுகொண்டே வெளியேறுதலால், புரியற்ற குழலிலிருந்து செல்லும் குண்டிலும் பார்க்க நேராகச் செல்லும். காட்டோரத்தில் நிலத்தைத் திருத்திப் பயிரிட்ட குடிகளுக்கு இத்துவக்கு உணவு தேடவும் காவலுக்கும் உதவியது.

1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் பின்னர், பின்புறத்தில் தோட்டா இடும் துவக்குகள் பரவவே, பழைய துவக்குகள் மூலையிற் சாத்தப்பட்டன. அக்கலை அழிந்துபோகாதவாறு காக்க விரும்பியோர் 1933 ஆம் ஆண்டில் தேசிய வாய்வழித் துவக்குச் சங்கத்தை நிறுவினர். இந்தியானா மாநிலத்திலுள்ள பிரெண்ட்சிப் என்னும் சிற்றூர் அச்சங்கத்தின் போட்டிகளுக்குப் பெயர்பெற்றது.

இதற்கிடையில் மானின் நிலையும் மாறியது. அளவின்றி வேட்டையாடியமையாலும் காடழித்தமையாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பென்சில்வேனியாவில் வெண்வால் மான் அருகிவிட்டது. 1895 ஆம் ஆண்டில் வேட்டை விலங்குகளைப் பேணுவதற்கென ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. வேட்டைக்குக் காலமும் கணக்கும் விதித்துக் காத்தமையால் மான் மீண்டும் பெருகியது. பெருகிய மான்கள் சோளத்தையும் சோயா அவரையையும் பழமரக் கன்றுகளையும் மேய்வதால், அங்குள்ள கமக்காரர் இன்று வேறொரு தொல்லைக்கு ஆளாகின்றனர். ஆகவே ஆண்டுதோறும் குறித்த காலத்தில், அனுமதிப் பத்திரம் பெற்றோர் குறித்த தொகை மான்களை வேட்டையாட இடமளிக்கப்படுகின்றது. 1974 ஆம் ஆண்டு தொடக்கம் பழைய முறைத் துவக்கிற்கெனத் தனியான பருவமும் உண்டு. நத்தார்த் திருநாளின் பின் வரும் அப்பருவத்தில் சக்கிமுக்கிக்கல்லினால் தீப்பற்றும் துவக்கையே கையாளல் வேண்டும்.

ஒரே வேட்டின் பொறுப்பு

இத்துவக்கில் ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டுச் சுடுவதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் செல்லும். மான் அதுவரை காத்து நிற்காது. முதற் குண்டு நெஞ்சறையில் நுரையீரலையோ இதயத்தையோ தாக்கினால் அது விரைவில் வீழ்ந்து இறக்கும். வயிற்றிலோ காலிலோ பட்டாற் காயத்தோடு காடேறி, நெடுநேரம் வேதனையுற்று எங்கோ மடியும். இறைச்சியும் எவருக்கும் பயன்படாது. நெஞ்சறையில் குண்டு படவேண்டிய இடம் ஏறக்குறைய 8 அங்குல விட்டமுள்ள வட்டமேயாகும். எனவே, தன் துவக்கு எந்த அளவு மருந்தில் குண்டுகளை ஒரே இடத்திற் சேர்க்கின்றது என்பதை அறியாது காட்டிற்குட் செல்பவன், தன் கடமையிற் பாதியைச் செய்யாதவனாவான்.

துவக்கிற் சேரும் நான்கு பொருள்கள்

வேட்டின் நேர்மை நான்கு பொருள்களின் பொருத்தத்தைப் பொறுத்தது.

முதலாவது குழல். புரியின் சுற்று எல்லாத் துவக்குகளிலும் ஒன்றன்று. உருண்டைக் குண்டிற்கு மெதுவான சுற்று போதும். 66 அங்குல நீளத்துக்கு ஒரு சுற்று என்பது இதற்கேற்றது. நீண்ட குண்டைத் தடுமாறாது செலுத்த விரைவான சுற்று வேண்டும். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது அதற்குரியது. 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது இரண்டிற்கும் இடைப்பட்டது. குழலுக்கு ஒவ்வாத குண்டைத் தெரிந்தெடுத்தால், மருந்தை எவ்வளவு மாற்றினும் பயன் கிட்டாது.

இரண்டாவது குண்டு. உருண்டைக் குண்டு கலப்பில்லாத மென்மையான ஈயத்தால் வார்க்கப்படும். அரை அங்குல வாயுள்ள குழலுக்கு 0.49 அங்குல விட்டமுள்ள குண்டே பெரிதும் பயன்படுகின்றது. அதன் நிறை ஏறக்குறைய 177 கிறெயின், அதாவது பதினொன்றரைக் கிராம் அளவாகும்.

மூன்றாவது துணிவட்டம். குண்டு குழலிலும் சிறியதாகையால், கொழுப்புப் பூசிய பருத்தித் துணியாற் பொதிந்தே அது இறக்கப்படும். இத்துணி குண்டிற்கும் புரிக்கும் இடையே உள்ள வெளியை அடைத்து, மருந்தின் ஆவி முன்னே ஓடாது தடுக்கின்றது. புரியின் சுழற்சியையும் குண்டிற்கு ஊட்டுகின்றது. துணியின் தடிப்பு 0.015 அங்குலம் அளவில் இருப்பது வழக்கம். அதில் ஆயிரத்திலொரு பங்கு அங்குல வேறுபாடுகூட இலக்கிலே தோன்றும்.

நான்காவது மருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் சேர்ந்த கரிமருந்து ஆலைகளிற் செய்யப்பட்டு, மணியின் பருமனுக்கேற்பச் சல்லடையால் தரம்பிரிக்கப்படும். "எஃப்" என்னும் எழுத்துக் கூடக்கூட மணி சிறுக்கும்; மணி சிறுக்க எரிதல் விரையும். அரை அங்குலமும் அதற்கு மேலுமான குழல்களுக்கு இரண்டு எஃப் தரமும், சிறிய குழல்களுக்கு மூன்று எஃப் தரமும் பொதுவாகத் தெரிந்தெடுக்கப்படும். நான்கு எஃப் தரம் சக்கிமுக்கித் துவக்கின் பற்றுகிண்ணத்தில் இடுவதற்கு மட்டுமே உரியது. 7000 கிறெயின் ஓர் இறாத்தல் ஆகும்.

ஏற்ற அளவைக் காணும் முறை

அனுபவமுள்ள வேட்டைக்காரர் கையாளும் முறையின் சுருக்கம் வருமாறு:

1. துவக்கைச் செய்தோர் விதித்த உச்ச அளவை முதலில் அறிந்து, அதனைத் தாண்டாதிருத்தல் வேண்டும். குழலின் வாய் அங்குலத்தில் நூற்றிலெத்தனை பங்கோ அத்தனை கிறெயினிலிருந்து தொடங்குவது பழைய வழக்கம். அரை அங்குலக் குழலாயின் 50 கிறெயின், அதாவது ஏறக்குறைய மூன்றேகால் கிராம், தொடக்க அளவாகும்.

2. காற்றடங்கிய காலை வேளையில், பின்னே மண்மேடு உள்ள திறந்த வெளியில், 50 யார் தூரத்திலே தாள் இலக்கு நிறுத்தல் வேண்டும். மணல்மூடையின்மேல் துவக்கை அசையாது தாங்கிச் சுடுதல் வேண்டும். கையின் நடுக்கம் கலந்தால், குற்றம் மருந்திலா கையிலா என்பது தெரியவராது.

3. ஒவ்வோர் அளவுக்கும் மூன்று வேட்டுச் சுட்டு, மூன்று துளைகளும் எவ்வளவு அகலத்துள் அடங்குகின்றன என அளந்து, மருந்தின் அளவோடு தாளிலேயே எழுதிவைத்தல் வேண்டும். நினைவை நம்புதல் ஆகாது.

4. ஒவ்வொரு வேட்டின் பின்னும் ஈரத்துணியாலும் பின்னர் உலர்ந்த துணியாலும் குழலைத் துடைத்தல் வேண்டும். கரிமருந்து எரிந்தபின் பெரும்படிவை விட்டுச்செல்லும். துடையாதுவிட்டால் இரண்டாம் வேட்டு முதலாவதிலும் வேறான குழலிலே சுடப்பட்டதற்கு ஒப்பாகும்.

5. பின்னர் மருந்தை 5 கிறெயினால் மட்டும் உயர்த்தி, முன்போலவே மூன்று வேட்டுச் சுடுதல் வேண்டும். 50 இலிருந்து 80 வரை சோதிக்க ஏழு அளவுகளும் இருபத்தொரு வேட்டுகளும் வேண்டும். இது ஒருநாள் வேலையாகும்.

6. மருந்தைச் சோதிக்கும்போது குண்டு, துணி, கொழுப்பு, இடிக்கும் அழுத்தம் ஆகிய எதனையும் மாற்றுதல் கூடாது. ஒருமுறைக்கு ஒன்றே மாறல் வேண்டும்.

உதாரணமாக, 50 கிறெயினில் துளைகள் நாலரை அங்குலத்துள்ளும், 60 இல் மூன்று அங்குலத்துள்ளும், 70 இல் இரண்டு அங்குலத்துள்ளும் அடங்கி, 80 இல் மீண்டும் மூன்று அங்குலமாக விரிந்தன என வைத்துக்கொள்வோம். அத்துவக்கின் விருப்பம் 70 இன் அயலிலே உள்ளது. பின்னர் 65, 70, 75 ஆகிய மூன்றையும் ஐந்து வேட்டுகளால் மீண்டும் சோதித்து முடிவு செய்தல் வேண்டும். மூன்று துளைகள் தற்செயலாகவும் நெருங்கக்கூடுமாகையால் இரண்டாம் சோதனை தவிர்க்கப்படலாகாது. துளைகள் நெருங்கி, ஆனால் இலக்கின் ஓரத்தே விழுந்தால் அது மருந்தின் குற்றமன்று. குறிமுனையைத் திருத்தினாற் போதும்.

ஒரே கொல்லன் ஒரே அச்சிற் செய்த இரு துவக்குகளும் ஒரே அளவை விரும்புவதில்லை. அயலவனின் அளவை இரவல் வாங்கித் தன் துவக்கில் இடுவது, அயல்வயலின் மண்ணைச் சோதித்துத் தன் வயலுக்குப் பசளை இடுவதை ஒக்கும்.

துணிவட்டம் சொல்லும் செய்தி

சுட்டபின் துவக்கின் முன்னே சில யார் தூரத்திலே துணிவட்டம் விழுந்துகிடக்கும். அதனைப் பொறுக்கி ஆராய்பவனுக்கு இலக்குத் தாளுக்கு அடுத்தபடியான சாட்சி அதுவேயாகும். நடுவில் வட்டமான கரிய தழும்பு இருந்து, ஓரம் மட்டும் பிசிர்ந்து, துணி முழுமையாக இருந்தால் எல்லாம் பொருந்தியுள்ளன என்க. நடுவிலே எரிந்து துளை விழுந்திருந்தால் துணி மெலிது, அல்லது கொழுப்புப் போதாது, அல்லது மருந்து மிகை. புரியின் வரிசையில் வெட்டுகள் காணப்பட்டால் புதுக்குழலின் புரியோரம் கூராக உள்ளது. துணி கந்தலாகக் கிழிந்திருந்தால் ஆவி குண்டைத் தாண்டிச் சென்றது தெளிவு. அத்தகைய வேட்டுகள் ஒன்றுசேரா.

கொழுப்பிலும் கவனம் வேண்டும். விலங்குக் கொழுப்பு, தேன்மெழுகு, தாவர எண்ணெய் ஆகியன கரிப்படிவை இளக்கும். மண்ணெண்ணெய் வகையிலிருந்து பெறும் இயந்திர எண்ணெய்களோ கரிமருந்தோடு சேர்ந்து தார்போல இறுகக்கூடியன. எனவே சுடுமுன் அவ்வெண்ணெயை முற்றாகத் துடைத்தல் வேண்டும்.

மிகை மருந்து பயன் தராது

மருந்தைக் கூட்டினால் குண்டு நெடுந்தூரம் சென்று வலிதாகத் தாக்கும் என்பது பலரின் எண்ணம். உருண்டைக் குண்டைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் வீண். பந்துபோன்ற வடிவம் காற்றைப் பிளந்து செல்ல ஏற்றதன்று. 100 யார் செல்வதற்குள் அது தன் வேகத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை இழந்துவிடும். வேகம் கூடக்கூடக் காற்றின் தடையும் கூடுமாதலால், மிகையாக இட்ட மருந்தின் பயனிற் பெரும்பகுதி வழியிலேயே கழிந்துபோகும். எஞ்சுவது தோளில் விழும் உதையும், குழலுக்கு ஏறும் பாரமும், விரிந்த துளைகளுமே.

எவ்வளவு தூரத்தில் மானைச் சுடலாம் என்பதையும் இலக்குத் தாளே தீர்மானிக்கும். மணல்மூடையின் துணையின்றி, காட்டில் நிற்பதுபோல நின்றோ முழந்தாளிட்டோ சுட்டு, எல்லாக் குண்டுகளையும் முன்கூறிய வட்டத்தினுள் எத்தூரம்வரை சேர்க்க முடிகின்றதோ அத்தூரமே அவனுக்குரிய எல்லை. சிலருக்கு அது 75 யாராகவும் சிலருக்கு 40 யாராகவும் இருக்கும். எல்லைக்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுதலே வேட்டை ஒழுக்கம்.

முதல் வேட்டைத் தனியே அறிதல்

வேட்டைநாளின் முதல் வேட்டு துப்புரவான, குளிர்ந்த குழலிலிருந்து செல்வது. சில துவக்குகளில் அவ்வேட்டு மற்றையவற்றிலும் சற்று உயர்ந்தோ விலகியோ விழும். எனவே இறுதி அளவைக் கண்டபின், வெவ்வேறு நாள்களில் துப்புரவான குழலோடு ஒரு வேட்டு மட்டும் சுட்டு, அத்துளைகளை ஒரே தாளிற் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். மான்மேற் செல்வது அந்த வேட்டேயன்றி நன்கு சூடேறிய மூன்றாம் வேட்டன்று.

உயிருக்கும் உறுப்புக்கும் காவல்

இத்துவக்கிற்குக் கரிமருந்தோ, அதற்குப் பதிலாக இதற்கென்றே செய்யப்பட்ட மருந்தோ மட்டுமே உரியது. தோட்டாக்களில் அடைக்கப்படும் புகையில்லா மருந்தை இட்டாற் குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும். மருந்துப் புட்டியிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றலாகாது. உள்ளே தணல் எஞ்சியிருந்தால் புட்டி முழுவதும் தீப்பற்றும். பித்தளை அளவையில் ஒரு வேட்டுக்குரிய மருந்தை மட்டும் எடுத்து ஊற்றுதல் வேண்டும்.

குண்டு மருந்தின்மேல் நன்றாக அமர்ந்திருத்தல் இன்றியமையாதது. இடையே வெளி இருப்பிற் குழல் வீங்கவோ வெடிக்கவோ கூடும். ஏற்ற அளவைக் கண்டவுடன், குண்டு சரியாக அமர்ந்த நிலையில் இடிகோலிலே குழல்வாயின் மட்டத்தில் ஒரு கோடு இடுவர். பின்னர் கோடு மேலே நின்றால் குண்டு முற்றாக இறங்கவில்லை, அல்லது இருமுறை மருந்திடப்பட்டது என்பது தெரியும். பற்றாத வேட்டாயின், குழலைப் பாதுகாப்பான திசையிலே நீட்டியவாறு ஒரு நிமிடமாவது காத்திருத்தல் வேண்டும். கரிப்படிவு ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும் இயல்புடையதாகையால், அன்றைய துவக்கை அன்றே வெந்நீராற் கழுவி உலர்த்தி எண்ணெய் பூசுதல் வேண்டும்.

எமது கமக்காரர் கவனிக்க வேண்டியவை

மேற்கூறிய அளவுகள், ஆலையிற் செய்து சோதிக்கப்பட்ட புரிக்குழல் துவக்குகளுக்கே உரியன. எமது இடியன் துவக்குகள் பெரும்பாலும் புரியற்ற குழலையுடையன. குழலின் தடிப்பும் இரும்பின் தரமும் பலவிதமானவை. இவ்வளவுகளை அவற்றிற் சோதித்துப் பார்ப்பது பேராபத்தாகும். நீர்க்குழாய் முதலியவற்றைக் கொண்டு இரகசியமாகச் செய்த துவக்கிற்கு எந்த அளவும் பாதுகாப்பானதன்று.

இலங்கையில் துவக்கு வைத்திருப்போர் 1916 ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். பயிர்க் காவலுக்கெனத் துவக்கு வேண்டுவோர் அதற்குரிய முறைப்படியே விண்ணப்பித்தல் வேண்டும். மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் காக்கப்படுவன. அமெரிக்காவில் உள்ளதுபோன்ற மான் வேட்டைப் பருவம் இங்கு இல்லை. வயலோரத்திலும் காட்டுப்பாதையிலும் கம்பி கட்டி வைக்கப்படும் பொறித்துவக்கோ சட்டத்துக்கு மாறானது மட்டுமன்று. அது பன்றியையும் யானையையும் விறகெடுக்கச் சென்ற அயலவனையும் வேறுபடுத்தி அறியாது. முட்கம்பி வேலி, உயிர்வேலி, அயலவர் கூடிச் செய்யும் இராக்காவல் ஆகியனவே கமக்காரர் முதலிற் கையாள வேண்டிய வழிகளாகும்.

எனினும் அவ்வேட்டைக்காரரின் முறையிலிருந்து கமக்காரர் எடுத்துக்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுதல். மற்றவற்றை மாறாது வைத்தல். பயனை அளந்து எழுதுதல். தற்செயலென ஐயுற்று மீண்டும் சோதித்தல். புதிய நெல்லினத்தையும் புதிய பசளையளவையும் ஒரே போகத்தில் ஒரே வயலிற் புகுத்துபவன், விளைச்சல் கூடினும் குறையினும் காரணம் அறியான். வயலில் ஒரு பாத்தியை வேறாக்கி, அதிலே பசளையின் அளவை மட்டும் மாற்றி, அறுவடையில் இரு பாத்திகளின் நெல்லையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பவன் தன் மண்ணின் விருப்பத்தைத் தானே அறிவான். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இம்முறையே பொருந்தும். இவ்வாறு கண்ட அளவைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்து, அடுத்த போகத்தில் மீண்டும் சோதித்து உறுதி செய்துகொள்ளல் கமக்காரர் ஒவ்வொருவரின் கடமையாகும்.